வெங்கச்சங்கல் பொட்டலில் கற்கருவி தேடுதல்: மதுரைப் பக்கத்து அனுபவம்

மதுரையைச் சுற்றியுள்ள கரடுகளிலும், வெங்கச்சங்கல் என்னும் வெள்ளைக்கல் இறைந்து கிடக்கும் பொட்டல்களிலும் கற்காலக் கருவிகளைப் பார்க்க விரும்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த ஊருக்குப் போகவேண்டும் என்பதைத்தான். நான் ஊர்ப்பெயர் எதையும் சொல்வதில்லை. இடம் ஊரறிந்துவிட்டால் அங்கே மிஞ்சியிருப்பதும் மிஞ்சாது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், இந்த மண்ணின் பாறைகளைப் பிரித்தறியப் பழகாதவர் கருவிகள் சிதறிக் கிடக்கும் நிலத்தின்மேலேயே நடந்துபோனாலும் அவருக்கு வெறும் கல்தான் தென்படும் என்பது. ஆகவே, கருவியைத் தேடுவதற்கு முன் ஒரு மழைக்காலம் முழுவதும் கல்லை மட்டும் பாருங்கள் என்பதே நான் சொல்லும் யோசனை.

தமிழ்நாட்டில் கற்கருவி என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது சென்னைப் பக்கம்தான். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் சரளை மண்ணுக்கு நடுவே நிலவியலார் ராபர்ட் புரூஸ் ஃபுட் ஒரு கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில் வில்லியம் கிங்குடன் சேர்ந்து அத்திரம்பாக்கத்தையும் கண்டறிந்தார். அத்திரம்பாக்கத்தில் தொல்லியலாளர்கள் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் நடத்திய அகழாய்வுகள், அங்குள்ள கைக்கோடரிகளின் காலத்தைச் சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னும், அவற்றுக்குப் பிந்திய இடைப் பழங்கற்காலக் கருவிகளின் தொடக்கத்தை ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்னும் கொண்டுபோய் வைத்தன. அந்தக் கைக்கோடரிகளின் படங்களைப் பார்த்துவிட்டு மதுரைக்கு வருகிறவர், உள்ளங்கை அளவுக்கு, இருபுறமும் செதுக்கி, பாதாம் பருப்பின் வடிவில் இருக்கும் ஒன்றையே எதிர்பார்த்து வருகிறார். அது இங்கே கிடைப்பது அரிதிலும் அரிது. ஏன் என்ற கேள்விக்கான விடையின் பெரும்பகுதி காலடியில் கிடக்கும் பாறையில்தான் இருக்கிறது.

சென்னைப் பக்கத்துக் கருவிகள் பெரும்பாலும் குவார்ட்சைட்டால் ஆனவை. பழைய மணல், சிலிக்காவால் இறுகப் பிணைந்து கல்லானதே குவார்ட்சைட். சாதாரண மணற்கல்லை உடைத்தால் உடைப்பு மணிகளைச் சுற்றிக்கொண்டு போகும், விரலால் தேய்த்தால் மணல் உதிரும். நல்ல குவார்ட்சைட்டில் உடைப்பு மணிகளையே ஊடறுத்துச் செல்லும். அடிக்கும் திசையெல்லாம் அதற்கு ஒன்றுதான் என்பதால், தட்டிய இடத்திலிருந்து விசை கூம்புபோல் விரிந்து, விளிம்பு கூரான சில்லு ஒன்று உரிந்து விழும். கருவி செய்கிறவனுக்கு வேண்டியது இந்த ஒரே குணம்தான். கல் எந்தப் பக்கம் பிளக்கவேண்டும் என்பதைக் கல் தீர்மானிக்கக்கூடாது, கை தீர்மானிக்கவேண்டும்.

மதுரையின் மலைகள் அப்படிப்பட்டவை அல்ல. யானைமலையிலும் மேலூர்ப் பக்கத்துக் குன்றுகளிலும் நாம் பார்ப்பது கிரானைட்டும், வெள்ளையும் கறுப்புமாக வரிவரியாக ஓடும் நைஸ் பாறையும். மேற்கே கொடைக்கானல் மலைத்தொகுதியில் நிறைந்திருப்பது சார்னோகைட் என்னும் கருநிறப் பாறை. புதிதாக உடைத்த முகத்தில் எண்ணெய் தடவியதைப் போன்ற ஒரு மினுக்கும், சற்றே நீலமும் பச்சையும் கலந்த கருமையும் தெரியும். கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்தப் பாறையால் ஆனது என்பதைக் கண்ட நிலவியலார் தாமஸ் ஹாலண்ட், 1893இல் அவர் பெயரையே பாறைக்கும் வைத்தார். அந்தக் கல்லறைக் கல் போனது பல்லாவரம் பக்கத்திலிருந்து என்பார்கள். இந்தியாவின் முதல் கைக்கோடரியும் உலகப் புகழ்பெற்ற ஒரு பாறையின் பெயரும் ஒரே வட்டாரத்தோடு தொடர்புடையவை என்பது எனக்கு எப்போதும் வியப்பைத் தரும். ஆனால் அந்தக் கைக்கோடரி சார்னோகைட்டில் செய்யப்பட்டதல்ல, குவார்ட்சைட்டில் செய்யப்பட்டது என்பதைக் கவனிக்கவேண்டும். காலடியில் எது மலிந்து கிடக்கிறது என்று பார்த்து அவர்கள் கல்லை எடுக்கவில்லை.

நைஸ், கிரானைட், சார்னோகைட் ஆகிய மூன்றும் பல கனிமங்கள் பெரும் பரல்களாகப் பிணைந்த பாறைகள். ஃபெல்ஸ்பார் ஒரு தளத்தில் பிளக்கும், அபிரகம் ஏடுஏடாக உரியும், படிகம் (குவார்ட்ஸ்) தன் போக்கில் நொறுங்கும். ஆகவே அடியின் விசை ஒழுங்காகப் பயணப்படாது, கூர்மையான விளிம்பும் கிடைக்காது. இங்கே அங்கங்கே நான் கையில் எடுத்துப் பார்த்த குவார்ட்சைட்டும், பூமிக்குள் ஆழத்தில் கடுமையான வெப்பத்தில் மறுபடிகமாகி, கற்கண்டுப் பரல்களாகப் பெருத்துப் போனதாகவே இருந்தது. கத்திக்கு உதவாத இதே பாறைகள் அரைப்பதற்கு உதவின என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். கொத்திக் கொத்தி வடிவம் தந்து, தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கும் வேலைக்கு எளிதில் சில்லு விடாத, முரட்டுத்தனமான கல்தான் ஏற்றது. அம்மியும் திருகையும் அதனால்தான் கருங்கல்லில் இருக்கின்றன. வட தமிழகத்தில் கிடைக்கும் புதிய கற்காலத்து வழவழப்பான கோடரிகள் பலவும் டோலரைட் போன்ற இறுகிய கரும்பாறையில் செய்யப்பட்டிருப்பதும் அதனால்தான்.

அப்படியென்றால் மதுரைப் பக்கத்தில் கூர்விளிம்புக்கு எதை நம்பினார்கள்? பெரும்பாலும் வெங்கச்சங்கல்லை. நம் ஊர்க் காடுகளில் வெள்ளை வெளேரென்று இறைந்து கிடக்கும் இந்தக் கல்தான் நிலவியலார் குவார்ட்ஸ் அல்லது படிகம் என்று சொல்வது. பூமிக்குள் பாறை விரிசல்களில் புகுந்த சூடான சிலிக்காக் கரைசல் படிந்து இறுகி நரம்புகளாக ஓடியிருக்கிறது. அதற்குள் சிக்கிய கண்ணுக்குத் தெரியாத நீர்க்குமிழிகள்தான் அதற்குப் பால்நிறத்தைத் தருகின்றன. குமிழி இல்லாத இடத்தில் அது பளிங்குபோல் தெளிந்திருக்கும். சுற்றியுள்ள ஃபெல்ஸ்பார் காலப்போக்கில் களிமண்ணாகக் கரைந்து போனாலும் இந்த நரம்பு கரைவதில்லை. பாறை மண்ணான பிறகும் வெள்ளைச் சரளையாக நிலத்தின்மேல் தங்கிவிடுகிறது.

ஒரு கரட்டடியில் இந்தச் சரளையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் அருகில் வந்து நின்றார். "என்ன தம்பி, வெங்கச்சங்கல்லப் போயி இப்பிடிப் பாக்குறீக?" என்றார். கல்லின் வகைகளைப் பார்க்கிறேன் அய்யா என்றேன். "ராத்திரி இருட்டுல ரெண்டு கல்ல எடுத்து ஒண்ணோட ஒண்ணு உரசிப் பாருங்க. கல்லுக்குள்ள வெளிச்சம் ஓடும், தீஞ்ச வாடை அடிக்கும். சின்னப் பிள்ளையில நாங்க அதத்தான் வெளையாடுவோம்" என்றார். அன்றிரவே மொட்டை மாடியில் விளக்கை அணைத்துவிட்டு உரசினேன். அவர் சொன்னது அப்படியே நடந்தது. படிகம் உராயும்போதும் முறியும்போதும் வெளிப்படும் ஒளி அது. எந்தக் கல்லில் இந்த வெளிச்சம் எப்படி வருகிறது என்பதை ஆடு மேய்ப்பவர்கள் நன்றாக அறிந்திருக்கிறார்கள். களத்துக்குப் போகிறவர்கள் முதலில் பேசவேண்டியது அவர்களிடம்தான். வித்தியாசமான நிறத்தில் கல் எங்கே கிடக்கிறது என்று கேட்டால் அவர்கள் சொல்லும் குறிப்பு பெரும்பாலும் பொய்ப்பதில்லை.

வெங்கச்சங்கல்லில் கருவியை அடையாளம் காண்பதுதான் இதில் மிகக் கடினமான பகுதி. நூல்களில் சொல்லப்படும் அடையாளங்கள் மூன்று: அடி விழுந்த மேடை, அதற்குக் கீழே சில்லின் உட்புறத்தில் தெரியும் சிறு புடைப்பு, அந்தப் புடைப்பிலிருந்து விரிந்து செல்லும் அலைவரிகள். செர்ட், ஜாஸ்பர் போன்ற நுண்மணிக் கற்களில் இவை மூன்றும் தெளிவாகத் தெரியும். பால்நிறப் படிகத்தில் பழைய விரிசல்கள் நிறைய இருப்பதால் அடித்த சில்லு பாதியிலேயே முறியும், புடைப்பு மங்கியிருக்கும், அலைவரி தென்படவே தென்படாது. போதாததற்கு, சிறிய கூழாங்கல்லைக் கையில் பிடித்து அடிக்க முடியாதபோது ஒரு பட்டைக்கல்லின்மேல் அதை நிறுத்தி மேலிருந்து அடிக்கும் முறையும் இருந்தது. அப்படி அடித்தால் விசை மேலும் கீழும் இரு முனைகளிலிருந்தும் வரும். துண்டின் இரண்டு முனைகளும் நசுங்கியிருக்கும், புடைப்பு இருக்காது. இவற்றையெல்லாம் அறியாதவர் நல்ல கருவியையும் தள்ளிவிடுவார், அறிந்தும் ஆசைப்படுகிறவர் ஒவ்வொரு சரளையையும் கருவி என்பார். என் அனுபவத்தில் இரண்டாம் வகையினரே அதிகம்.

நான் கைக்கொள்ளும் வழி இது. தனிக் கல் ஒன்றைப் பார்த்து முடிவுசெய்வதில்லை. ஒரே இடத்தில் சிறு சில்லுகள், சில்லுகளை உரித்த பின் மிஞ்சிய மூலக்கல், செய்யும்போது உதிர்ந்த தூள்துண்டுகள் ஆகியவை சேர்ந்து கிடக்கின்றனவா என்று பார்ப்பேன். பிறகு பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் விளிம்பை நோக்குவேன். நுண்கற்கருவிகளில் பலவற்றுக்கு ஒரு பக்கம் கூராகவும் எதிர்ப்பக்கம் வேண்டுமென்றே மழுக்கப்பட்டும் இருக்கும். மரத்திலோ எலும்பிலோ பிசின் வைத்துப் பொருத்துவதற்காகச் செய்த வேலை அது. அந்த மழுக்கலில் சிறுசிறு வெட்டுகள் ஒரே திசையில், ஏறத்தாழ ஒரே அளவில், இடைவெளி விடாமல் வரிசையாக அமைந்திருக்கும். ஏர்க்கொழு பட்டோ வண்டி ஏறியோ உண்டான வெட்டுகள் ஒன்று இங்கே ஒன்று அங்கே என்று, இரு முகங்களிலும் ஒழுங்கில்லாமல் இருக்கும். இவை தவிர நிறத்தையும் பார்க்கவேண்டும். செம்மண்ணில் நெடுங்காலம் கிடந்த கல்லின் எல்லா முகங்களிலும் ஒரே மங்கலும் ஒரே சாயமும் ஏறியிருக்கும். ஒரு முகம் மட்டும் பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் அது நேற்று உடைந்தது.

நேற்று உடைந்த கல்லுக்கு மதுரை மாவட்டத்தில் பஞ்சமில்லை என்பதால் இதைச் சற்று விரித்தே சொல்லவேண்டும். கிரஷரில் உடைபடும் ஜல்லி, பாதை போடக் கொட்டிய சரளை, தண்டவாளத்துக் கருங்கல், ஜேசிபி பல் பட்டு நொறுங்கியவை என எல்லாமே கூர்விளிம்போடு இருக்கும். சிலவற்றில் அடிபட்ட புடைப்புகூட அழகாகத் தெரியும். இயந்திரமும் கல்லை அடித்துத்தானே உடைக்கிறது! ஆகவே சாலை, ரயில் பாதை, குவாரி, புதிய மனைப்பிரிவு ஆகியவற்றின் அருகில் கண்டதை நான் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை. கண்மாய்க்கரையும் அப்படித்தான், கரைக்கு மண் எங்கிருந்து வந்தது என்று தெரியாதவரை அங்கே கிடைப்பது முதலில் எங்கே கிடந்தது என்று சொல்லமுடியாது. உழாத மேட்டுநிலமும், மழைநீர் அறுத்த ஓடையின் பக்கவெட்டும்தான் நம்பத்தக்கவை. ஐப்பசி, கார்த்திகை மழை மேல்மண்ணைக் கழுவிவிட்ட பின், மார்கழியில் காலைவெயில் சாய்ந்து விழும் நேரம் பார்ப்பதற்கு ஏற்றது. உச்சிவெயிலில் வெள்ளைக்கல் கண்ணைக் கூசச் செய்யும், வெட்டுகளின் நிழல் தெரியாது.

வெள்ளைச் சரளைக்கு நடுவே எப்போதாவது தேன்நிறத்திலோ கருஞ்சிவப்பிலோ சாம்பல்நிறத்திலோ வழவழப்பான சிறு துண்டு ஒன்று தென்படும். செர்ட், ஜாஸ்பர், கால்செடனி எனப் பல பெயர்களில் வரும் இவையும் சிலிக்காதான். ஆனால் பரல்கள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்ணியவை என்பதால் தடித்த கண்ணாடிப் புட்டியின் அடிப்பாகம்போல் உடைந்து, சவரக்கத்திக்கு நிகரான விளிம்பைத் தரும். அப்படிப்பட்ட துண்டை, நைஸும் சார்னோகைட்டும் சூழ்ந்த ஒரு கரட்டடியில் பார்க்கும்போது அதன் வடிவத்தைவிட முக்கியமான கேள்வி ஒன்று எழுகிறது: இந்தக் கல் இங்கே எப்படி வந்தது? சுற்றுவட்டாரத்தில் அந்தப் பாறை இல்லையென்றால், ஆறு கொண்டுவந்ததா, ஆள் கொண்டுவந்தாரா என்று பார்க்கவேண்டும். ஆறு கொண்டுவந்தால் கல்லின் மேல்தோல் உருண்டு தேய்ந்திருக்கும், ஆற்றுச் சரளையில் அதன் இனத்தைச் சேர்ந்த வேறு கற்களும் இருக்கும். இதற்காகவே வைகைப் படுகையின் சரளையைப் பலமுறை சலித்துப் பார்த்திருக்கிறேன்; நான் பார்த்த இடங்களில் மிகுதியாக இருந்தவை படிகமும் நைஸும் சார்னோகைட்டும்தான்.

இந்த வகை நுண்கற்கருவிகளை நெருக்கமாகப் புரிந்துகொள்ளத் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துச் தேரிகள் என்னும் செம்மணல் மேடுகளைப் பற்றிப் படிப்பது உதவும். தேரிகளில் கிடைத்த நுண்கருவிகளைத் தொல்லியல் ஆய்வாளர்களான சாய்னரும் ஆல்சினும் ஆராய்ந்து 1956இல் வெளியிட்டார்கள். அங்கேயும் செர்ட்டும் படிகமும்தான் மூலக்கற்கள். பிறைவடிவங்கள், சிறு கூர்முனைகள், சுரண்டிகள் என்று வகைகள் அமைந்தன. அதற்கு வெகு முன்பே புரூஸ் ஃபுட் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியலை ஆராய்ந்து 1883இல் வெளியிட்டிருந்தார். அவர் தொகுத்த கருவிகளின் பெருந்தொகுப்பு எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நிலவியலார் ஒருவர்தான் நம் நாட்டுத் தொல்பழங்கால ஆய்வைத் தொடங்கிவைத்தார் என்பதில் வியப்பில்லை; சரளையில் எந்தக் கல் அந்த இடத்துக்கு உரியதல்ல என்பது பாறை தெரிந்த கண்ணுக்குத்தான் முதலில் உறைக்கும்.

கல்லைப் பிரித்தறிய அதிகச் செலவு கிடையாது. படிகமும் செர்ட்டும், கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை காட்டும் மோஸ் அளவில் ஏறத்தாழ 7 கடினம் உடையவை என்பதால் பேனாக்கத்தி அவற்றைக் கீறாது. கீறுவதற்குப் பதில் இரும்புக் கோடு ஒன்று கல்லின்மேல் படியும். சுண்ணாம்புப் பாறையும் சுக்கான் கல்லும் எளிதில் கீறுபடும், நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் நுரைக்கும். இந்தச் சோதனைகளைச் சாதாரணக் கற்களின்மேல் மட்டும் செய்யவேண்டும். கருவி என்று ஐயப்படும் எதையும் கீறுவதோ அமிலம் விடுவதோ கூடாது. விளிம்பில் ஒட்டியிருக்கும் மண்ணைக்கூடத் தேய்த்துக் கழுவக்கூடாது, ஏனென்றால் பயன்பாட்டின் தடயங்கள் அந்த விளிம்பில்தான் இருக்கும்.

இனி, எடுக்கலாமா என்ற கேள்வி. என் பதில், வேண்டாம். நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட தொல்பொருட்களை உரிமம் இன்றி வணிகம் செய்வதையும், தனியார் அவற்றை வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதையும் 1972ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் சட்டம் தடுக்கிறது. மண்ணில் புதைந்திருந்த மதிப்புள்ள பொருளைக் கண்டெடுத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கவேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். சமணர் படுக்கைகள் உள்ள குன்றுகளில் பல, பாதுகாக்கப்பட்ட சின்னங்கள்; அரிட்டாபட்டி 2022 முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமும்கூட. அங்கெல்லாம் பாறையில் சுத்தியலே படக்கூடாது. சட்டத்தை விட்டுவிட்டாலும், கருவியைச் சட்டைப்பையில் போட்டவுடன் அதன் சொல்லும் பொருளும் போய்விடுகின்றன. எந்தச் சரளைக்கு மேல், எந்தச் சில்லுகளோடு, எந்த மூலக்கல்லுக்கு அருகில் கிடந்தது என்பதுதான் அதன் பெறுமதி. கண்ணாடிப் பெட்டிக்குள் ஊர்ப்பெயர் இல்லாமல் கிடக்கும் நேர்த்தியான பிறைவடிவத்தைவிட, கிடந்த இடத்திலேயே படம் எடுக்கப்பட்ட முறிந்த சில்லு ஆய்வாளருக்குப் பயன்படும்.

ஆகவே நான் சேர்ப்பது குறிப்புகளை. நில உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டுதான் உள்ளே போகிறேன். "புதையல் தேடுறாங்க" என்ற பேச்சு ஒருமுறை கிளம்பிவிட்டால் அந்த ஊரில் மறுபடி கால் வைக்க முடியாது என்பதால் எல்லாவற்றையும் அவர் கண்முன்னே காட்டிச் செய்வதே நல்லது. கல் கிடக்கும் நிலையில் மேலிருந்து ஒரு படம், பக்கத்தில் அளவுகோல் வைத்து ஒரு படம், திரும்பி நின்று நிலத்தோற்றம் தெரிய ஒரு படம். கைப்பேசி காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை. மண்ணின் நிறம், அருகிலுள்ள நீர்நிலை, கல்லின் வகை. அளவுகோலுக்கு நாணயம் வைப்பவர்கள் எந்த நாணயம் என்று எழுதத் தவறுவதால், சிறு பிளாஸ்டிக் ஸ்கேலே மேல். இவற்றைத் தொகுத்து மாநிலத் தொல்லியல் துறையின் மாவட்ட அலுவலருக்கோ, அரசு அருங்காட்சியகக் காப்பாட்சியருக்கோ எழுத்தில் கொடுத்துவிடுவேன். உடனே பதில் வரும் என்று எதிர்பார்க்கக்கூடாது. ஆனாலும் எழுதி வைப்பது வீணல்ல. கீழடியில் 2015இல் அகழாய்வு தொடங்குவதற்கு முன், வைகைக் கரைகளில் 293 இடங்களைப் பட்டியலிட்ட மேற்பரப்பு ஆய்வு ஒன்று நடந்திருந்தது. நிலத்தின்மேல் தெரிவதைப் பதிவுசெய்வதிலிருந்துதான் அந்த வேலையும் புறப்பட்டது.

கையில் எடுத்துச் சேர்க்கும் ஆசை இருப்பவர்கள் பாறைகளைச் சேர்க்கலாம். என் வீட்டு அலமாரியில் இருப்பவை குவாரிக் கழிவிலிருந்தும், கட்டட வேலை நடக்கும் இடங்களிலிருந்தும் கேட்டு வாங்கிய துண்டுகள்: வரியோடும் நைஸ், எண்ணெய் மினுக்குச் சார்னோகைட், பால்நிறப் படிகம், தெளிந்த படிகம், சுக்கான் கல். ஒவ்வொன்றிலும் பழைய முகம் ஒன்றும் புதிதாக உடைத்த முகம் ஒன்றும் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். வெயிலும் மழையும் கல்லுக்கு ஏற்றும் தோலைப் படிப்பதற்கு இதைவிட நல்ல பாடநூல் கிடையாது.

இவற்றில் மிஞ்சிய துண்டுகளைக்கொண்டு நானே சில்லு உரித்துப் பார்ப்பதும் உண்டு. உருண்டையான ஆற்றுக் கூழாங்கல் ஒன்றே சுத்தியல். மூலக்கல்லின் விளிம்புக் கோணம் செங்கோணத்தைவிடக் குறைவாக இருக்கவேண்டும், விளிம்புக்குச் சற்று உள்ளே அடிக்கவேண்டும். பால்நிறப் படிகத்தில் பெரும்பாலான அடிகள் நொறுங்கலில்தான் முடியும். ஒரே ஒரு நல்ல சில்லுக்காக எவ்வளவு கல் வீணாகிறது என்பதை இப்படி அறிந்த பிறகு, களத்தில் பார்க்கும் தூள்துண்டுகளை நான் கழிவாக எண்ணுவதில்லை. கண்ணாடி அணியாமல் இதைச் செய்யவே கூடாது. தொடைமேல் தடித்த தோல் விரிக்கவேண்டும். மூடிய அறையில் அடித்தால் சிலிக்காத் தூசி நுரையீரலில் போய்த் தங்கும், கல்லுடைக்கும் தொழிலாளர்களை வாட்டும் நோய் அதுதான். தார்ப்பாய் விரித்து அதன்மேல் அமர்ந்து அடித்து, முடிந்ததும் தூள்வரை கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டுவிடவேண்டும். கரட்டடியில் உட்கார்ந்து அடித்து அப்படியே விட்டுவந்தால், பிறகு வருகிறவருக்கு அது போலிக் களமாகிவிடும். செய்த கருவி ஒவ்வொன்றின்மேலும் அழியாத மையில் ஆண்டையும் "புதிது" என்ற சொல்லையும் எழுதி, அதற்குப் பயன்படுத்திய கல் எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்து ஏட்டில் பதிந்துவிடுகிறேன்.